இரட்டைத் தொட்டித் துணி துவைக்கும் இயந்திரம்: ஒரு திசையில் மட்டும் சுற்றுகிறது, பிழியும் பக்கம் மின்சாரத்தைத் துண்டிக்கிறது

பழம்பொறிப் பித்தன் (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பழமையான ஓர் இரட்டைத் தொட்டி இயந்திரம் அண்மையில் என் கைக்கு வந்தது. வெளிக்கூடு முழுவதும் தகடு. துவைக்கும் தொட்டிக்கு எனாமல் பூச்சு, பிழியும் கூடைக்குத் துருப்பிடிக்காத எஃகு. கூட்டின் அடி விளிம்பில் துரு ஏறியிருந்தாலும் குமிழ்கள், மூடிகள், பின்புறத் தகவல் தகடு எல்லாம் மூலப் பொருள்களாகவே இருக்கின்றன. நீண்ட காலம் மூலையில் கிடந்த பொருள் என்பதால் நேரடியாக மின் இணைப்பில் செருகாமல், 100 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரிஸ் போர்டு வழியாகவே முதலில் மின்சாரம் கொடுத்தேன். பல்பு மங்கலாக எரிந்தது. முழு ஒளியோடு எரியவில்லை, அதாவது உள்ளே நேரடி ஷார்ட் இல்லை. அதன் பிறகே நேரடி இணைப்பு கொடுத்துப் பார்த்தேன்.

துவைக்கும் பக்கத்தில் டைமரைத் திருப்பினால், துணியைக் கலக்கும் சுழல்தட்டான பல்சேட்டர் ஒரு திசையில் நன்றாகச் சுற்றுகிறது, பிறகு நிற்கிறது. எதிர்த்திசையில் சுற்ற வேண்டிய நேரம் முழுவதும் சும்மா இருந்துவிட்டு, மறுபடியும் பழைய திசையிலேயே சுற்றத் தொடங்குகிறது. பிழியும் பக்கத்தில் கூடை மிக மெதுவாக வேகம் பிடிக்கிறது. லேசாக ரப்பர் கருகும் வாடையும் வருகிறது. தண்ணீரோடு ஒருமுறை சோதித்தபோது சில நிமிடங்களில் வீட்டின் 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

கெப்பாசிட்டரை மாற்றினால் போதும் என்று ஒருவர் சொன்னார். இரண்டு மோட்டாரையும் கழற்றிக் காயில் கட்டிவிடுவதே நல்லது என்று இன்னொருவர் சொன்னார். எதிலிருந்து தொடங்குவது, மூலப் பொருள்களில் எவற்றைத் தொடாமல் விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். இதை வாரம் ஒருமுறையாவது உண்மையில் துணி துவைக்கப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. வெறும் காட்சிப் பொருளாக வைக்க மனமில்லை.

காயில் கட்டுபவர்

வணக்கம் ஐயா. சீரிஸ் பல்பில் தொடங்கினீர்களே, அதுவே பாதி வேலை. மோட்டாரைக் காயில் கட்டக் கொடுப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நான் அதே தொழிலைச் செய்பவன் என்பதால் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: ஐம்பது ஆண்டு உழைத்த மூலக் காயிலைக் காரணமில்லாமல் அறுத்து எறிவது பாவம்.

துவைக்கும் பக்கத்தில் கெப்பாசிட்டர் குற்றவாளி அல்ல என்பதை நீங்கள் எழுதிய அறிகுறியே சொல்லிவிடுகிறது. இரு திசையிலும் சுற்றும் மோட்டாரில் ஒரே மாதிரியான இரண்டு காயில்கள் இருக்கும். அவற்றின் ஒரு முனை இரண்டுக்கும் பொது. மற்ற இரு முனைகளை 'அ', 'ஆ' என்று வைத்துக்கொள்வோம். கெப்பாசிட்டர் அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே குறுக்காக இணைந்திருக்கும். டைமர் அ-வுக்கு மின்சாரம் கொடுத்தால் அந்தக் காயில் நேரடியாகவும் ஆ காயில் கெப்பாசிட்டர் வழியாகவும் மின்சாரம் பெறும், மோட்டார் ஒரு பக்கம் சுற்றும். ஆ-வுக்குக் கொடுத்தால் வேலை இடம் மாறி மோட்டார் மறுபக்கம் சுற்றும். ஆகவே கெப்பாசிட்டர் இறந்திருந்தால் இரண்டு திசையிலும் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு காயில் அறுந்திருந்தாலும் அப்படித்தான், ஏனெனில் எந்தத் திசைக்கும் இரண்டு காயிலும் தேவை. ஒரு திசை சரியாக ஓடி மறுதிசையில் உறுமல்கூட இல்லாமல் அமைதியாக இருக்கிறது என்றால், அந்த முனைக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை. டைமருக்குள் ஒரு தொடுமுனை கருகியிருக்கும், அல்லது டைமரிலிருந்து மோட்டாருக்கு வரும் ஒரு கம்பி அறுந்திருக்கும். எலி கடித்த கம்பியையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மின்செருகியைக் கழற்றிவிட்டு, கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் சில ஆயிரம் ஓம் மின்தடையம் ஒன்றால் இணைத்து மின்னூட்டத்தை வடித்த பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தீப்பொறி பறக்கக் குறுக்கே வைக்கும் வழக்கம் வேண்டாம். பொது முனையிலிருந்து அ-வுக்கும் பொது முனையிலிருந்து ஆ-வுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு மின்தடை காட்ட வேண்டும். அ-விலிருந்து ஆ-வுக்கு அதன் இருமடங்கு காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் காயிலைக் குறித்துக் கவலை இல்லை.

டைமரைத் திறக்கும்போது கவனம் தேவை. உள்ளே சுருள்வில், பற்சக்கரங்கள், அவற்றின்மேல் கேம் என்னும் மேடுபள்ளத் தட்டுகள், அந்தத் தட்டுகள் தள்ளித் தள்ளி இணைக்கும் தொடுமுனைகள் என எல்லாம் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். முறுக்கு முழுவதும் இறங்கிய நிலையில் மட்டுமே மூடியின் தகட்டுக் காதுகளை நிமிர்த்துங்கள். இல்லையென்றால் சுருள்வில் தெறித்து அடுக்கு கலைந்துவிடும், பிறகு எது எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். தொடுமுனையில் உப்புத்தாள் போடாதீர்கள். மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சு மெல்லியது. அது போனால் ஒரே மாதத்தில் மறுபடி கருகும். கெட்டியான காகிதத் துண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தொடுமுனைகளுக்கு இடையே வைத்து இழுத்தாலே பெரும்பாலான கரி வந்துவிடும். பிளாஸ்டிக் பற்சக்கரங்களின்மேல் துரு நீக்கும் தெளிப்பான் எதையும் அடிக்க வேண்டாம்.

பிழியும் பக்கத்தில் இரண்டு நோய்கள் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். மெதுவாக வேகம் பிடிப்பதும் ரப்பர் வாடையும் பிரேக் முழுமையாக விடவில்லை என்பதைக் காட்டுகின்றன. மின்செருகியைக் கழற்றிவிட்டு, மூடியை மூடிய நிலையில், பின்பக்கத் தகட்டின் வழியே கைவிட்டு மோட்டாரின் மேலுள்ள பிரேக் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும். மூடியைத் தூக்கினால் உடனே பிடிக்க வேண்டும். மூடியபோதும் உரசினால், மூடியையும் பிரேக்கையும் இணைக்கும் கம்பி நீண்டுவிட்டது அல்லது அதன் உறைக்குள் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று பொருள். பிரேக்கைச் சுத்தம் செய்யும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு; ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிரேக் சரியாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால் அப்போது பிழியும் மோட்டாரின் கெப்பாசிட்டரை அளந்து பாருங்கள். அதன்மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பொதுவாகத் துவைக்கும் மோட்டாருக்கு உள்ளதைவிட பிழியும் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் சிறியதாக இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டு, மோட்டார் சூடாகிறது என்று எங்களிடம் கொண்டு வருபவர்கள் உண்டு.

மின்சாரம் துண்டிக்கப்பட்டதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். பிழியும் மோட்டார் கூடைக்கு நேர் கீழே மூன்று சுருள்வில்களின்மேல் நிற்கிறது. கூடையின் தண்டு வெளித்தொட்டியின் அடியைத் துளைத்துக்கொண்டு கீழே வரும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் இருக்கும், பெல்லோஸ் என்போம். தண்டு அதன் நடுவிலுள்ள சீலுக்குள், அதாவது நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்குள் சுற்றுகிறது. பெல்லோஸ் சுற்றுவதில்லை, ஆனால் மோட்டார் ஆடும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து வளைகிறது. ஐம்பது ஆண்டு வளைந்த ரப்பரின் மடிப்பில் வெடிப்பு இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. வெடிப்பு வழியே சொட்டும் சோப்பு நீர் நேராக மோட்டாரின் தலையில் விழும். மோட்டாரை மட்டும் உலர்த்தி ஓட்டினால் அடுத்த சலவையிலேயே இதே கதை திரும்பும். முதலில் பெல்லோஸ், பிறகுதான் மோட்டார்.

நான்காவது இயந்திரம்

வணக்கம். மேலே சொன்னதில் மின்சாரப் பகுதிக்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. சேகரிப்பவன் என்ற முறையில் வேறு பக்கத்திலிருந்து சில சொற்கள்.

ஒரு கம்பியைக் கழற்றும் முன்பே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுங்கள். கம்பிகளின் நிறத்தையும் இடத்தையும் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். பழைய கம்பிகளின் நிறம் மங்கி, பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் படத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். மாற்றுகிற ஒவ்வொரு பழைய பாகத்தையும், வெடித்த ரப்பரானாலும் சரி, ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்து யாராவது அச்சு எடுத்து வார்க்க வேண்டுமானால் அந்த வெடித்த ரப்பர்தான் மாதிரி. என்னுடைய முதல் இயந்திரத்தில் இதைச் செய்யாமல் விட்டு, வடிகால் வால்வின் மூல வடிவம் என்னவென்று இன்றுவரை தெரியாமல் இருக்கிறேன்.

பழைய கெப்பாசிட்டரின் உட்பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டுப் புதியதை அதற்குள் மறைத்து வைப்பது பழைய வானொலி சேகரிப்பவர்களின் வழக்கம். துணி துவைக்கும் இயந்திரத்தில் அதை நான் எதிர்க்கிறேன். அந்தக் காலத்து உலோகக் குப்பிக் கெப்பாசிட்டர்கள் சிலவற்றில் பி.சி.பி. என்னும் நச்சு எண்ணெய் இருக்கும். அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1979-இல் தடை செய்யப்பட்டது. 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் அது இடம்பெற்றது. குப்பியைத் திறக்காமல், அதன் இணைப்பை மட்டும் நீக்கிவிட்டு, புதியதைப் பக்கத்தில் பொருத்துங்கள். குப்பி உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ கையுறை இல்லாமல் தொட வேண்டாம். அதைச் சேகரிப்பிலும் வைத்துக்கொள்ள வேண்டாம், அபாயக் கழிவாக ஒப்படைத்துவிடுங்கள்.

வெளிக்கூட்டை முழுவதும் சுரண்டிப் புது வண்ணம் அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடி விளிம்பின் துருவை மட்டும் எடுத்து, துத்தநாகப் பாஸ்பேட் கலந்த அடிப்பூச்சு அடித்து, அந்த இடத்துக்கு மட்டும் நிறம் ஒப்பிட்டுப் பூசினால் போதும் என்பது என் கருத்து. எனாமல் என்பது உலோகத்தின்மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. வீட்டில் அதை மறுபடி உருக்க முடியாது. தொட்டியில் பெயர்ந்த இடத்தை இருபாகப் பசை எப்பாக்ஸியால் மூடலாம், நிறம் ஒருபோதும் முழுமையாக ஒட்டாது. மஞ்சள் படிந்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். சில காலம் கழித்து மஞ்சள் திரும்பவும் கூடும். நான் இப்போது மஞ்சளை அப்படியே விட்டுவிடுகிறேன்.

இந்த வகை இயந்திரத்தின் வரலாற்றில் ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் இயந்திரத்தில் எது அரியது என்று மதிப்பிட அது உதவும். ஹூவர் நிறுவனம் 1948-இல் வேல்ஸ் நாட்டின் மெர்திர் டிட்ஃபிலில் துணி துவைக்கும் இயந்திரத் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கிருந்து வந்த சிறிய ஒற்றைத் தொட்டி இயந்திரத்தில் சுழல்தட்டு தொட்டியின் பக்கச் சுவரில் இருந்தது. பிழிவதற்குக் கையால் சுற்றும் உருளை. ஜப்பானில் சான்யோ 1953-இல் வெளியிட்ட இயந்திரமும் பக்கச் சுவரில் சுழல்தட்டு கொண்டதே. ஹூவர்மேட்டிக் என்னும் இரட்டைத் தொட்டி 1957-இல் வந்தது. பிழியும் தொட்டியில் வெளியேறும் சோப்பு நீரைப் பம்பு வழியாகத் துவைக்கும் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் வசதி அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் இயந்திரங்களில் இருந்தது. வெந்நீரையும் சோப்பையும் வீணாக்காமல் வெள்ளைத் துணி, வண்ணத் துணி, அழுக்குத் துணி என்று ஒரே நீரில் வரிசையாகத் துவைப்பார்கள். உங்கள் இயந்திரத்தில் இரண்டு தொட்டிக்கும் இடையே அப்படி ஒரு திருப்பு குழாய் இருந்தால், அது ஓட்டை விழுந்திருந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிரிட்டனில் ரோல்ஸ் ரேசர் போன்ற சில நிறுவனங்கள் கடையை விட்டு நேரடியாக வீடுகளுக்கு இரட்டைத் தொட்டியை விற்றன. அந்த நிறுவனம் 1964-இல் நொடித்துப்போனது. அப்படி உற்பத்தி திடீரென்று நின்றுபோன இயந்திரங்களுக்கு இன்று உதிரி பாகம் கிடைப்பதுதான் பெரும் சிக்கல்.

மின்காப்பு

சுருக்கமாக ஒரு கருத்து. உங்கள் இயந்திரத்தின் மின்கம்பி இரண்டு இழைகளா, மூன்று இழைகளா என்று நீங்கள் எழுதவில்லை. தகட்டுக் கூடும் தண்ணீரும் சேர்ந்த பொருளுக்கு எர்த் இல்லாத மின்கம்பி கூடவே கூடாது. "மூலக் கம்பி" என்ற பற்றில் பலர் அதை விட்டுவைக்கிறார்கள். அதைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு மூன்று இழைக் கம்பியைப் பொருத்துங்கள். கூட்டில் வண்ணத்தைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் பல்வாஷர் வைத்து எர்த் முனையை இறுக்க வேண்டும். பிறகு மின்காப்பை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கூட்டுக்கு எதிராக அளந்து பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் ஊற்றி ஓட்ட வேண்டாம்.

மற்றொன்று: பழைய இயந்திரங்கள் சிலவற்றில் மூடியைத் திறந்தால் பிரேக் மட்டும் பிடிக்கும், மின்சாரம் நிற்காது. அப்படியானால் மூடியில் ஒரு மின்விசையைச் சேர்ப்பதை மூலத்தன்மையைக் கெடுப்பதாக நான் கருதவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் ஒத்திசைவு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று, இரு துருவ மோட்டாருக்கு 3000. கூடை அதற்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். அந்த வேகத்தில் சுற்றும் ஈரத்துணி கையைப் பற்றினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

பழம்பொறிப் பித்தன்

மூவருக்கும் நன்றி. இரண்டு நாள் விடுமுறையை இதிலேயே கழித்தேன்.

காயில்கள் நலம்: பொது முனையிலிருந்து இரு பக்கமும் 21 ஓம், குறுக்கே 42 ஓம். டைமருக்குள் ஒரு தொடுமுனை நிலக்கரித் துண்டுபோல இருந்தது. நனைத்த காகிதத்தை ஏழெட்டு முறை இழுத்த பிறகு வெள்ளி தெரிந்தது. இப்போது பல்சேட்டர் இரு திசையும் சுற்றுகிறது. பிரேக் கம்பி உறைக்குள் துருவேறி இறுகியிருந்தது. பிழியும் மோட்டாரை இறக்கிப் பார்த்தபோது அதன் மேல்மூடியில் வெள்ளையாக சோப்பு உப்பு பூத்திருந்தது, மெக்கரில் 0.2 மெகா ஓம்தான். பெல்லோஸின் கீழ் மடிப்பில் விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. மின்கம்பி இரண்டு இழைதான், இன்றே மாற்றிவிட்டேன். மூடிக்கு மின்விசை ஏற்கெனவே இருக்கிறது. திருப்பு குழாய் இல்லை.

மோட்டாரை எப்படி உலர்த்துவது? பெல்லோஸ் இதே மாதிரியில் எங்கும் இல்லை. பார்வைக்கு ஒத்ததாக ஒன்று இருக்கிறது, பொருந்துமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

காயில் கட்டுபவர்

மகிழ்ச்சி. மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றி, உப்பைச் சிறிதளவு தூய நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் எட்டு மணி நேரமாவது வையுங்கள். அதற்குமேல் சூடேற்றினால் பழைய வார்னிஷ் நொறுங்கும். ஆறிய பிறகு மெக்கரால் அளந்து பாருங்கள். ஒரே நாளில் ஏறாவிட்டால் மறுநாளும் தொடருங்கள். என் பட்டறையில் நான் 5 மெகா ஓமுக்கு மேல் காட்டிய பிறகுதான் வார்னிஷ் தெளிப்பேன்; ஈரத்தின்மேல் தெளித்தால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகிவிடும். மோட்டாரில் பேரிங்குக்குப் பதிலாகத் நுண்துளைகளுள்ள வெண்கலப் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) இருந்தால், அதைச் சுற்றியுள்ள எண்ணெய்க் கம்பளி உலர்ந்திருக்கும். எஸ்.ஏ.இ. 20 தரமுள்ள, டிடர்ஜென்ட் சேராத எண்ணெயைச் சில துளிகள் விடுங்கள். பேரிங் என்றால் பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் பாருங்கள்; 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிமன் 11 மி.மீ., எங்கும் கிடைக்கும். இருபுறமும் ரப்பர் மூடிய வகையையே வாங்குங்கள்.

பெல்லோஸுக்கு நான்கு அளவுகள் போதும்: தண்டின் விட்டம், தொட்டியின் அடித்துளையின் விட்டம், அந்தத் துளை விளிம்பின் தடிமன், மோட்டார் தன் வில்களின்மேல் நிற்கும்போது துளைக்கும் பிரேக் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி. முதல் மூன்றும் பொருந்தி நான்காவது மட்டும் பொருந்தாத ரப்பரைத்தான் பெரும்பாலோர் வாங்கிவிடுகிறார்கள். உயரம் மிகுந்த பெல்லோஸ் பிரேக் சக்கரத்தில் உரசி ஒரே வாரத்தில் அறுந்துபோகும். உயரம் குறைந்தது மோட்டார் ஆடும்போது இழுபட்டு விளிம்பிலிருந்து கழன்றுவிடும். வெர்னியர் காலிப்பரால் தண்டின் விட்டத்தை அளக்கும்போது, சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். சீலின் உதடு ஓரிரு மி.மீ. மேலேயோ கீழேயோ அமையும்படி பொருத்த வேண்டும். பொருத்தும்போது சீலின் உதட்டில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் இயற்கை ரப்பரை உப்பவைத்துவிடும்.

நான்காவது இயந்திரம்

மோட்டாரை ஏற்றும் முன்பு நான் செய்யும் ஒரு சோதனை. புது பெல்லோஸைப் பொருத்தி, கூடையின் தண்டை அதன் வழியே இறக்கி, மோட்டாரோடு இணைக்காமல் அடியில் ஒரு மரக்கட்டையால் தாங்கி நிறுத்துங்கள். தண்டு இல்லாமல் சோதித்தால் சீலின் துளை வழியே எல்லாம் கொட்டிவிடும். வெளித்தொட்டியின் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு லிட்டர் சோப்பு நீர் ஊற்றுங்கள். வெறும் நீர் கசியாத இடத்திலும் சோப்பு நீர் கசியும். கீழே செய்தித்தாள் விரித்து, கூடையை அவ்வப்போது கையால் சுற்றியும் லேசாகப் பக்கவாட்டில் ஆட்டியும் விட்டு, ஒரு மணி நேரம் காத்திருங்கள். தாளில் ஈரப் புள்ளி விழுந்தால் அது தண்டின் வழியாக வந்ததா, வெளி விளிம்பின் வழியாக வந்ததா என்று விளக்கடித்துப் பாருங்கள். தண்டு வழி என்றால் சீல். விளிம்பு வழி என்றால் துளையைச் சுற்றிய பழைய சோப்புக் கறையை நீங்கள் முழுவதும் சுரண்டவில்லை.